கரையெல்லாம் சிலுவை

நிலக்கோட்டை பஸ்ஸில் என் முன் சீட்டில் இரண்டு பெண்கள். ஜன்னலோரம் இருந்த மூத்தவர் செல்போனில் ஒரு வீடியோவைச் சத்தமில்லாமல் ஓடவிட்டிருந்தார். அதில் ஒருவர் கைகூப்பி நின்றார்.

“சேலைப் பட்டறைக்காரரு எதுக்குடி மன்னிப்புக் கேட்டுக் கும்புடணும்? தப்புப் பண்ணுனது நானு.”

“மெல்லப் பேசுங்க மதினி.”

“மாதா திருவிழாச் சேலைக்குக் கரையெல்லாம் சிலுவை அச்சடிக்கச் சொன்னது நான்தான். கட்டுனா கால்ல மிதிபடும்னு தோணவே இல்லடி. சப்பரத்துக்குப் பின்னால அம்புட்டுப் பொம்பளைகளும் சிலுவையச் சேத்துல இழுத்துக்கிட்டே போயிருக்கோம்.”

“திருவிழாப் போட்டோவப் பாத்துத்தான் எல்லாரும் கொதிச்சுட்டாக.”

“வேற சாமி கும்புடுறவன், வேணும்னே செஞ்சுட்டான்னு பட்டறை வாசல்ல போயிக் கத்துனாகள்ல, அந்தக் கூட்டத்துல நானும் நின்னேன். அவரு என்னயப் பாத்தாரு.”

“ஒண்ணும் சொல்லலயா?”

“எம் பேரையே எடுக்கல. தெரியாம நடந்துபோச்சுன்னு அவரே கும்புட்டுட்டாரு.”

பூக்கூடைகளை ஏற்ற பஸ் நின்றது.

“இப்பயாச்சும் நம்ம கோயில் குரூப்புல உண்மையச் சொல்லிருங்க மதினி.”

மூத்தவர் எழுதத் தொடங்கினார். அழித்தார். மறுபடியும் எழுதினார். அதையும் அழித்துவிட்டு, போனைப் பைக்குள் வைத்தார்.

“அடுத்த வருசம் அவருகிட்டச் சேலை எடுக்கக் கூடாதுன்னு முடிவு பண்ணிட்டாக. வேற நல்ல ஆளாப் பாக்கச் சொல்லி என்னயத்தான் விட்டுருக்காக.”

“நீங்க என்ன சொன்னீக?”

“சரின்னுட்டேன்.”