ஒரு எழுத்து குறையாமல்

— அந்த அம்புக்குறியை அமுக்காதீங்கன்னு இப்பத்தானே சொன்னேன்? அமுக்கியாச்சு. மெயில்ல இருக்கறது மொத்தத்தையும் புது மெயிலுக்குள்ள கொட்டிடுச்சு பாருங்க.

— சரி, இப்ப என்ன பண்ணணும்?

— மூடுங்க. அதோ, ஓரத்துல பெருக்கல் குறி. லிஃப்ட் கம்பெனியில இருந்துக்கிட்டு ஊர்ல அத்தனை பேரையும் மேல ஏத்திக் கீழ இறக்கற மனுஷன், ஒரு பெருக்கல் குறியைக் கண்டுபிடிக்க இவ்வளவு நேரமா?

— மூடிட்டேன்.

— உங்க வக்கீல் என்ன கேட்டாரு? திரும்பச் சொல்லுங்க. கேக்கக் கேக்க எனக்கும் ஒரு ஆனந்தம்.

— நீ என்னைத் திட்டி எழுதின மெயிலெல்லாம் வேணுமாம். வந்தது வந்தபடியே, அட்டாச்மென்டா, எல்லாம் ஒரே மெயில்ல.

— எதுக்காம்?

— எதுக்குன்னா... கேஸுக்குத்தான். கொடுமைன்னு போடணும்னா ஆதாரம் வேணுமாமே.

— பொண்டாட்டி கொடுமை தாங்கலைன்னு விவாகரத்து கேக்கறதுக்கு, அந்தப் பொண்டாட்டிகிட்டயே வந்து ஆதாரத்தை மூட்டை கட்டிக் குடுன்னு நிக்கற ஒரே ஆம்பளை நீங்கதான்.

— போன்ல அந்த வசதி இல்லையாம். கம்ப்யூட்டர்லதான் வருமாம். ஆபீஸ்ல பண்ணா எல்லாரும் எட்டிப் பாப்பாங்க. அதான்...

— அதான் துரை இங்க எழுந்தருளியிருக்கீங்க. ஏன், உங்க அக்கா வீட்டுல கம்ப்யூட்டர் இல்லையா? அங்கதானே இப்ப வாசம்?

— இருக்கு. மாமாவும் பாத்தாரு. தெரியலைன்னதும், உன் மெயிலையெல்லாம் அவரே உக்காந்து டைப் அடிச்சுக் குடுத்தாரு. வக்கீல் தூக்கிப் போட்டுட்டாரு. இதை யார் வேணும்னாலும் எழுதியிருக்கலாமேன்னுட்டாரு.

— உங்க அக்கா வீட்டுக்காரர் என் மெயிலை டைப் அடிச்சாரா? எங்க, அதைக் காட்டுங்க.

— இப்ப எதுக்கு அது?

— காட்டுங்கன்னா! ...அட, பாவி மனுஷா! கதவுக்குப் பின்னால தொங்கற சட்டையையே காணோமே! அந்த மெயிலுக்கு உசுரே அதுதான்.

— முக்கியம் இல்லைன்னு விட்டிருப்பாரு.

— "நீங்கள் வீட்டில் இருப்பதற்கும் கதவுக்குப் பின்னால் ஒரு சட்டை தொங்குவதற்கும் வித்தியாசம் ஒன்றுதான். சட்டையால் பிரயோஜனம் உண்டு." இது முக்கியம் இல்லையாம்! இருபது வருஷமா அச்சகத்துல உக்காந்து கண்டவன் எழுத்தையெல்லாம் திருத்தின கை இது. அதைக் கண்டதுண்டமா வெட்டி வெச்சிருக்காரு. கேளுங்க, உங்களுக்காக இல்ல, என் எழுத்துக்காகச் சொல்லித் தர்றேன். கோர்ட்டுக்குப் போறதுன்னா முழுசா போகட்டும். ஒரு எழுத்து குறையக்கூடாது.

— சரி.

— மேல தேடற பெட்டியில என் பேரை அடிங்க. ஒரு விரலாலதானா? உங்களுக்கு மீதி ஒம்போது விரல் எதுக்கு?

— வந்துடுச்சு. அடேயப்பா, இவ்வளவா?

— பின்ன? நான் சும்மா இருந்தேன்னு நெனச்சீங்களா? ஒவ்வொண்ணுக்கும் இடது பக்கம் குட்டியா ஒரு கட்டம் இருக்கு பாருங்க. மெயிலைத் திறக்காதீங்க. அந்தக் கட்டத்துல மட்டும் டிக் பண்ணிக்கிட்டே வாங்க.

— எதை எதை டிக் பண்றது?

— அதையும் நானேதான் சொல்லணும். நல்லது. முதல்ல குழாய் மெயில். சட்டை வர்றது அதுலதான்.

— பண்ணிட்டேன். குழாய் இப்ப ஒழுகலையா?

— ஆள் வெச்சு மாத்தியாச்சு. உங்களை நம்பியிருந்தா சமையல் ரூம்ல படகு விட்டிருக்கலாம். கீழ வாங்க. உங்க அக்கா என்னைப் பாத்து, சம்பாதிக்கற திமிருன்னு சொன்னப்போ, நீங்க குனிஞ்சு செருப்பைத் தேடிக்கிட்டு இருந்தீங்களே, அந்த மெயில். கொஞ்சம் நீளம். ஆனா காரம் குறையாது.

— பண்ணிட்டேன். அதுக்குக் கீழ இருக்கறது?

— அது சுமார். அவசரத்துல எழுதினது. விட்டுடுங்க. அதுக்கும் கீழ, சோபாவோட சேத்து உங்களை விக்க விளம்பரம் எழுதினேனே, அதை விட்டுடாதீங்க. ஜட்ஜே சிரிப்பாரு.

— ஏன் இதையெல்லாம் மெயில்ல எழுதின? ஒரே வீட்டுலதானே இருந்தோம்? வாயால சொல்லியிருக்கலாமே.

— சொல்லலையா? சுவத்துக்கிட்ட சொன்னாலும் எதிரொலியாவது வரும். உங்க காதுல எப்பப் பாரு அந்தப் பாட்டு கேக்கற ஒயர். ஆபீஸ்ல மெயில் பாத்துத்தானே ஆகணும், அங்கயாவது என் பேச்சு உங்க எதிர்ல வந்து உக்காரட்டும்னு ஆரம்பிச்சேன்.

— எல்லாத்தையும் படிச்சேன்.

— தெரியும். பதிலும் போட்டீங்க.

— ஆமா. ஒண்ணு விடாம போட்டேன்.

— ஒண்ணு விடாம போட்டீங்க. யார் இல்லைன்னா? ...நில்லுங்க. அந்த டிக்கை எடுங்க.

— எது? இதுவா?

— அதுதான். அதுல திட்டு இல்ல. உங்க கேஸுக்கு உதவாது.

— என்ன மெயில் இது? ஆஸ்பத்திரின்னு இருக்கு.

— திறக்காதீங்கன்னேன்ல?

— "ஆபரேஷன் முடிந்துவிட்டது. கட்டி கெட்டது இல்லை என்று சொல்லிவிட்டார்கள். பயந்துபோயிருந்தேன். சாயந்திரம் வருகிறீர்களா?"

— படிச்சாச்சா? மூடுங்க. டிக்கை எடுங்க.

— சரி.

— இப்ப மேல, பட்டையில மூணு புள்ளி இருக்கும். அதை அமுக்குங்க. வரிசையா வருதுல்ல? அட்டாச்மென்டா ஃபார்வர்டு பண்றதுன்னு ஒண்ணு இருக்கும்.

— இருக்கு இருக்கு! அமுக்கிட்டேன். அட, புது மெயில் திறந்து கீழ எல்லாம் வரிசையா ஒட்டிக்கிச்சே!

— வாயை மூடுங்க, ஈ போயிடப் போகுது. ஒவ்வொண்ணும் ஒரு மூடின கவர் மாதிரி. எழுதின தேதி, நேரம், யாரு யாருக்கு அனுப்பினது, எல்லாம் உள்ளயே இருக்கும். உங்க அக்கா வீட்டுக்காரர் தலைகீழா நின்னாலும் அதுல ஒரு புள்ளி மாத்த முடியாது.

— ஆனா நான் டிக் பண்ணதை விட ரெண்டு மடங்கு இருக்கே?

— இருக்கும். ஒவ்வொண்ணுக்கும் நீங்க போட்ட பதிலும் கூடவே ஒட்டிக்கிட்டு வரும்.

— என் பதில் எதுக்கு? அதுல ஒண்ணும் இல்லையே.

— ஒண்ணும் இல்லைதான். போகட்டும்.

— எடுத்துடவா?

— எடுத்தா, பாதியை மறைச்சுட்டு அனுப்பறீங்களான்னு உங்க வக்கீலே கேப்பாரு. அவரோட மெயில் விலாசத்தைப் போடுங்க. மேல தலைப்புல என்ன போடப் போறீங்க?

— என்ன போடறது?

— "என் மனைவியின் படைப்புகள்"னு போடுங்க.

— கிண்டல் பண்ணாத.

— "இணைப்பில் மின்னஞ்சல்கள்"னு போட்டு அனுப்பித் தொலைங்க. ம். போயிடுச்சு. இவ்வளவுதான் விஷயம். இதுக்கு உங்க அக்கா வீட்டுல ஒரு வாரமா மாநாடு.

— இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்?

— என்ன?

— இந்தக் கட்டம், மூணு புள்ளி, பதிலும் சேந்து வரும்ங்கறது. அச்சகத்துல இதெல்லாம் வராதே. யார் சொல்லிக் குடுத்தா?

— அடடா. கடைசியில துரை வாயைத் திறந்து என்னைப் பத்தி ஒரு கேள்வி கேட்டுட்டீங்க. நானே தட்டுத் தடுமாறிக் கத்துக்கிட்டேன். போன மாசம். நீங்க அக்கா வீட்டுக்குப் பெட்டியைத் தூக்கறதுக்கு முன்னாடியே.

— யாருக்கு அனுப்பின?

— என் வக்கீலம்மாவுக்கு.

— உன் வக்கீலா? நான் உன்னை ஒரு வார்த்தை திட்டினதில்லையே! ஒரு மெயில்லயாவது காட்டு பாப்போம்!

— திட்டலை. நான் அத்தனை பக்கம் எழுதினதுக்கும் நீங்க போட்டது ஒரே வார்த்தை. "சரி." அதைத்தான் அனுப்பினேன்.

— வெறும் "சரி"யை வெச்சு என்ன கேஸ் போட முடியும்?

— வக்கீலம்மாவும் அப்படித்தான் கேட்டாங்க. கேட்டுட்டு ஒவ்வொரு கவரா திறந்தாங்க. குழாய்க்கு "சரி." உங்க அக்கா பேசினதுக்கு "சரி." சோபாவோட விக்கறேன்னதுக்கும் "சரி." சிரிச்சுக்கிட்டேதான் வந்தாங்க. ஆஸ்பத்திரி மெயிலைத் திறந்தாங்க. "சாயந்திரம் வருகிறீர்களா?" "சரி." எத்தனை மணிக்கு வந்தாருன்னு கேட்டாங்க.

— அன்னிக்கு ஒரு லிஃப்ட் நடுவுல நின்னுடுச்சு. உள்ள ஆள் மாட்டிக்கிட்டாங்க. நான் எப்படி...

— இதை இன்னிக்குத்தான் கேக்கறேன். அன்னிக்கு ராத்திரி முழுக்க நர்ஸ் கதவைத் திறக்கறப்பல்லாம் எழுந்து உக்காந்தேன். வக்கீலம்மா கண்ணாடியைக் கழட்டி வெச்சுட்டு, போதும்மா, மீதியைத் திறக்க வேணாம்னாங்க.

— இப்ப என்ன பண்றது?

— நாளைக்கு என் பக்கத்து விவாகரத்து நோட்டீஸ் கிளம்புது. நிறுத்தணும்னா இன்னிக்கே நான் போன் பண்ணணும். நாக்குல தேள் கொட்டின மாதிரி எனக்கே வலிக்குது, இருந்தாலும் கேக்கறேன். நான் வேணுமா, வேணாமா? வாயைத் திறந்து சொல்லுங்க. என்னைத் திட்டியாவது சொல்லுங்க. ஒரு வார்த்தைக்கு மேல எது சொன்னாலும் போன் பண்ணி நிறுத்திடறேன். சொல்லுங்க.

— சரி.