பூங்குழலி கொடுத்த ஹேண்டோவர்

இரவு பத்து மணி. வேலூரிலிருந்து அமிர்திக்குப் போகும் சாலை. இரண்டு பக்கமும் இருட்டு... ஒரு டீக்கடை கூடக் கிடையாது. அந்தச் சாலையில் தனியாக ஒரு வேன் போகிறது. உள்ளே பதினோரு நர்ஸுகள்.

பிரிசில்லா, அந்த ஜன்னலைச் சாத்து. ஏரிக் காற்று முதுகைக் குத்துகிறது. பஞ்சரான நம் கம்பெனி பஸ்ஸுக்கு ஸ்டெப்னி வர இன்னும் முக்கால் மணி நேரம் ஆகும். எல்லாரும் நெருங்கி உட்காருங்கள். பேய்க் கதை வேண்டும் என்றீர்களே... ஆரம்பித்துவிட்டேன், கேளுங்கள். கேட்டுவிட்டு ராத்திரி தூக்கம் வரவில்லை என்று என் மேல் பழி போடக்கூடாது.

நம் தையல் லைனில் வஜீதா இருக்கிறாளே, இன்றைக்குக் கூட லீவு... அவளுடைய அக்கா மஹ்பூபிக்கு நடந்தது இது. மேல்விஷாரத்துக்காரி. வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் ஐசியூ நர்ஸ். அந்த வேனில் முன் சீட்டில் இருந்தவள் அவள்தான்.

போன இடம் ஒரு நர்சிங் ஸ்கூல் ஹாஸ்டல். பெயர் வேண்டாம், கேஸ் நடக்கிறது. அங்கே பூங்குழலி என்று இரண்டாம் வருஷத்துப் பெண் ஒருத்தி, பத்தொன்பது வயசு, பொங்கல் லீவில் இறந்துபோனாள். கட்டுவிரியன் கடி. அந்த ஸ்கூல் பெண்கள் இவர்கள் ஆஸ்பத்திரிக்குத்தான் பயிற்சிக்கு வருவார்கள். அதனால் ஈவ்னிங் டியூட்டி முடித்த கையோடு, யூனிஃபார்மைக் கூட மாற்றாமல் துக்கம் விசாரிக்கக் கிளம்பிவிட்டார்கள். மஹ்பூபி அந்தப் பெண்ணைப் பார்த்ததே இல்லை. ஐசியூவுக்கு மாணவிகளை அனுப்புவதில்லை.

இறந்து ஐந்தாவது நாள், செவ்வாய்க்கிழமை. ஹாலில் மாலை போட்ட போட்டோ, ஒரு விளக்கு. அப்பா பெருமாளும் அம்மா வள்ளியம்மாளும் மகளுடைய டிரங்குப் பெட்டியை வாங்கிப் போக வந்திருந்தார்கள். காவேரிப்பாக்கம் பக்கம் கூலி வேலை செய்கிறவர்கள். பெருமாள் முன்னால் ஒரு பேப்பர். எதிரில் ஸ்கூல் தாளாளர், கையில் பேனாவை நீட்டியபடி.

பேப்பரில் என்ன இருந்தது தெரியுமா? ‘என் மகள் இரவில் சுவரேறி வெளியே போனாள். பாம்பு வெளியில் கடித்தது. ஹாஸ்டலுக்குச் சம்பந்தம் இல்லை.’ யாரோ ஒரு பையனைப் பார்க்கப் போனாளாம். அதை எழுதவில்லை, ஊரெல்லாம் வாயால் சொல்லிவிட்டார்கள்.

“எம் பொண்ணு அப்படிப்பட்டவ இல்லம்மா...” என்று வள்ளியம்மாள் மஹ்பூபியின் கையைப் பிடித்துக்கொண்டாள். “உசுரும் போச்சு, பேரும் போவுது பாரு.”

எனக்கு இதைச் சொல்லும்போதே பற்றிக்கொண்டு வருகிறது. செத்தவள் வந்து பதில் சொல்ல மாட்டாள் என்கிற தைரியம்தானே?

பத்து நாற்பது. கரண்ட் போனது. கதவோரக் காற்றில் விளக்கும் அணைந்தது...

இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன். டியூட்டி முடிந்து போகிற நர்ஸ், வருகிற நர்ஸிடம் ஒவ்வொரு நோயாளியின் நிலையையும் சொல்லி ஒப்படைக்க வேண்டும். அதுதான் ஹேண்டோவர். வருகிறவள் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளும்வரை முன்னவள் நகரக் கூடாது. அவசரத்தில் உள்ளங்கையில்தான் எழுதிக்கொள்வார்கள். தலையைத் தூக்கிப் பார்க்க நேரம் இருக்காது, காது மட்டும் கேட்கும், கை எழுதும்.

மஹ்பூபிக்குப் பின்னால்... கீச்... கீச்... ஈரச் செருப்புச் சத்தம். சோப்பு வாசனை. யாரோ குளித்துவிட்டு வந்த மாதிரி.

“சிஸ்டர்... ஹேண்டோவர்.”

யாரோ மாணவி என்று நினைத்தாள். பழக்கதோஷம்... பேனா கைக்கு வந்துவிட்டது. செல்போன் வெளிச்சத்தில் குனிந்துகொண்டாள்.

“ம்... சொல்லும்மா.”

“பேஷண்ட் பூங்குழலி. பத்து பத்துக்கு பாத்ரூம்ல எடது கால்ல கடி. மெயின் கதவு வெளியில பூட்டு. போனெல்லாம் பூட்டின வார்டன் ரூம்ல. லீவுல வேற யாரும் இல்ல. பதினொண்ணுக்கு கண் இமை தொங்குது. பதினொண்ணு நாப்பதுக்கு எச்சில் முழுங்க முடியல. பன்னெண்டரைக்கு மூச்சு கஷ்டம். ஒண்ணு பத்துக்கு பல்ஸ் இல்ல. டைமெல்லாம் கதவு உள்பக்கம் எழுதியிருக்கேன் சிஸ்டர்.”

மஹ்பூபி மளமளவென்று எழுதினாள். “சரி, நான் எடுத்துக்கிட்டேன். நீ போய்ப் படு, நான் பாத்துக்கறேன்.”

“சரி சிஸ்டர்.”

கரண்ட் வந்தது.

மற்ற பத்துப் பேரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். “யார்கிட்ட பேசினு இருந்தே?” என்றாள் பக்கத்தில் இருந்த சங்கீதா. அவர்களுக்கு மஹ்பூபியின் குரல் மட்டும்தான் கேட்டதாம்.

மஹ்பூபி உள்ளங்கையைப் பார்த்தாள். வேற யாரும் இல்ல... அப்படியானால் பல்ஸ் இல்லை என்று பார்த்துச் சொன்னது யார்? பின்னால் திரும்பினாள். ஹால் தரையில் ஈரச் செருப்புத் தடம்... ஒரே ஒரு ஜோடி.

நானாக இருந்தால் வேனுக்கு ஓடியிருப்பேன். மஹ்பூபி எழுந்து நேராகப் பெருமாளிடம் போய் அதற்குள் அவர் கைக்கு வந்திருந்த பேனாவைப் பிடுங்கினாள்.

“போடாதீங்க ஐயா. உங்க பொண்ணு வெளிய போகல.”

“இன்னாம்மா இது பேஜாரு?” தாளாளருக்குக் கோபம். “துக்கம் கேக்க வந்தா கேட்டுட்டுப் போங்க.”

அவள் உள்ளங்கையை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். அவர் படித்தார். முகம் வெளுத்தது. ஆனால் வாய் அடங்கவில்லை.

“கையில கிறுக்கினதெல்லாம் ரெக்கார்டா?”

“எங்க வார்டுல மொதல்ல கையிலதான் சார் ஏறும். அப்பறம்தான் நோட்டு. நான் ஹேண்டோவர் எடுத்துட்டேன். இனிமே இது என் பேஷண்ட்.”

பதினோரு பேரும் மெயின் கதவுக்குப் போனார்கள். இரும்புத் தகட்டுக் கதவு. வெளிப்பக்கம் பழைய சாயம், வெயிலில் வெளிறிக் கிடந்தது. உள்பக்கம் மட்டும் பச்சைப் பெயிண்ட், மூக்கைத் துளைத்தது.

“பொங்கலுக்கு அடிச்சது. சனிக்கிழமையே முடிஞ்சிட்டுது,” என்றார் தாளாளர்.

“பொங்கலுக்கு ஒரு பக்கம்தான் அடிப்பீங்களா சார்?” என்று சங்கீதா கேட்டாள்.

வாட்ச்மேன் குறுக்கே வந்து நின்றான். பதினோரு பேரும் யூனிஃபார்ம் பாக்கெட்டிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தார்கள். பேண்டேஜ் வெட்டுகிற சின்னக் கத்தரிக்கோல்தான். அவன் ஒதுங்கிக்கொண்டான்.

கர்ர்... கர்ர்... கர்ர்... பச்சைப் பெயிண்ட் சுருள் சுருளாகக் கீழே விழுந்தது. அடியில் கத்தரிக்கோல் முனையால் எழுதிய கீறல்கள். பத்து பத்து. பதினொன்று. பதினொன்று நாற்பது... போகப் போக எழுத்து கோணிக்கொண்டே போனது. நின்று எழுதியவள், உட்கார்ந்து எழுதி, கடைசியில் படுத்து எழுதியிருக்கிறாள். சாகும்போதும் சார்ட்டை விடவில்லை அந்தப் பெண். கீறலுக்கெல்லாம் துரு ஏறியிருந்தது. சங்கீதா அழுதுகொண்டே ஒவ்வொன்றாகப் போட்டோ எடுத்தாள். தாளாளர் வக்கீலைக் கூப்பிடுகிறேன் என்றார். “கூப்புடுங்க. நாங்க போலீஸைக் கூப்பிட்டாச்சு,” என்றாள் மஹ்பூபி.

பெருமாள் அந்தப் பேப்பரை நாலாகக் கிழித்தார். கிழித்ததைத் தாளாளர் சட்டைப் பாக்கெட்டிலேயே வைத்துவிட்டு வந்தார்.

வள்ளியம்மாள் மட்டும் கதவடியில் உட்கார்ந்து, தரையை ஒட்டி நகத்தால் சுரண்டிக்கொண்டே இருந்தாள். எழுதப் படிக்கத் தெரியாதவள்.

“இங்க இன்னும் கீதும்மா. இது இன்னான்னு படி.”

மஹ்பூபி மண்டி போட்டு வெளிச்சம் காட்டினாள். தேதி... அன்றைய தேதி. செவ்வாய்க்கிழமை. நேரம் பதினொன்று இருபது. கொடுத்தது பூங்குழலி. வாங்கியது மஹ்பூபி. பக்கத்தில் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது.

மஹ்பூபி மணியைப் பார்த்தாள், அதே பதினொன்று இருபது. கத்தரிக்கோலைத் திருப்பிப் பிடித்தாள். அழுத்தி, முழுப் பெயரையும் போட்டாள்.

அவள் போட்ட கையெழுத்து வெள்ளையாகப் பளபளத்தது. அதற்குப் பக்கத்திலேயே ‘மஹ்பூபி’ என்றிருந்த கீறலில்... துரு ஏறியிருந்தது.