போய்வரத் தெரிந்த புள்ளி

ஊரார் வாயையெல்லாம் திறக்கவைத்துப் பழகி, இன்று என் வாயை மட்டும் சீக்கிரம் மூடச் சொல்லியிருக்கும் எங்கள் கால்பந்துக் கழகத் தலைவர், பல் மருத்துவர் அவர்களே, தையல்கடைக்கு மேலே இரண்டே அறைகளை வைத்துக்கொண்டு உலகத்து நிறுவனங்களோடு மல்லுக்கு நிற்கும் விளையாட்டு நிறுவனத்தின் முதலாளி அவர்களே, முழங்கால் வலியைப் பொருட்படுத்தாமல் முன்வரிசையை நிறைத்திருக்கும் பெரியோர்களே, சேற்றுச் சட்டைகளைத் துவைத்துத் துவைத்தே எங்கள் கழகத்தை வளர்த்த தாய்மார்களே, கோல் போட்டால் கொண்டாடி, கோல் வாங்கினால் என்னைத் திட்டும் ரசிகப் பெருமக்களே, மூன்றாம் வரிசையில் ஓரத்து இருக்கையாகப் பார்த்துப் பிடித்து உட்கார்ந்திருக்கும் எங்கள் கரை அவர்களே, உங்கள் அனைவரையும் இந்த மைதானத்தில் மைக் பிடிக்கும் அறிவிப்பாளன் தலை தாழ்த்தி வணங்குகிறேன்.

என்ன ஐயா, பின்னால் கேட்கவில்லையா? இத்தனை ஆண்டுகளில் என் குரல் கேட்கவில்லை என்று குறைப்பட்ட முதல் மனிதர் நீங்கள்தான். காது குளிர்ந்தது.

இன்று வெளியாவது ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டு. பட்டனை அழுத்தினால் பந்தை உதைக்கும் விளையாட்டு என்று நினைத்துவிடாதீர்கள். இதில் நீங்கள் உதைப்பதில்லை. நீங்கள் கோச். யார் எங்கே நிற்க வேண்டும், எப்போது ஏற வேண்டும், எப்போது இறங்க வேண்டும் என்று சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். திரையிலே பச்சைத் தரை. அதிலே இருபத்திரண்டு புள்ளிகள். புள்ளிதானே என்று நானும்தான் நினைத்தேன். புள்ளிக்கு மூச்சு வாங்குமா? புள்ளிக்குப் பொறுப்பு இருக்குமா? புள்ளி ஒன்று போகும்போது நம் வயிற்றில் புளியைக் கரைக்குமா? கரைத்தது, பெருமக்களே. அந்தக் கதையைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

பதினொரு பேரில் விங் பேக் என்று ஒரு இடம் உண்டு. அதற்குத் தமிழிலே ஒரு பெயர் சூட்டிவிட வேண்டும் என்று ஆசைப்பட்டு, ஒரு மேட்சில் 'இறக்கைப் பின்னவர்' என்று அறிவித்தேன். கூட்டம் சிரித்த சிரிப்பில் நடுவர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டார். ஆகவே விங் பேக் என்றே சொல்கிறேன். அவர் வேலை என்ன? ஓரத்துக் கோட்டை ஒட்டி நிற்பது. நம் பந்தென்றால் எதிரியின் எல்லைவரை ஓடுவது. பந்து பறிபோனால் நம் எல்லைவரை ஓடி வருவது. முன்னேறித் தாக்குவதும் அவரே, பின்வந்து காப்பதும் அவரே. பத்துத் தடவை ஓடினால் ஒரு தடவை பந்து வரும். மற்ற ஒன்பதும் வெறும் ஓட்டம். அந்த வெறும் ஓட்டத்துக்கு யாராவது கைதட்டிப் பார்த்திருக்கிறீர்களா? நான் ஒரு தடவையாவது மைக்கில் சொல்லியிருப்பேனா? பந்தைத் தொட்டவன் பெயரைத்தானே சொல்கிறோம்.

எங்கள் கழகத்தில் இடது ஓரத்தைக் காத்தவர் ஒருவர். கோட்டை விட்டு நகரமாட்டார் என்பதால் மைதானமே அவரைக் கரை என்று அழைக்கும். ஆற்றுக்குக் கரை எப்படியோ அப்படி எங்கள் அணிக்கு அவர். ஒரு மாலை, ஓடிப்போய்த் திரும்பிய வேகத்தில் அவர் முழங்கால் திருகிக்கொண்டது. ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு போகும்போது, பின்வரிசை நடுவில் நின்று காக்கும் நம் ஸ்டாப்பர் தம்பி கூடவே ஓடினான். அவன் கையைப் பிடித்துக்கொண்டு கரை சொன்னது ஒரே ஒரு சொல்.

"போறேன்டா."

அவ்வளவுதான். அறுவை சிகிச்சை முடிந்தது. இனி ஆட முடியாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். கரை வீட்டு ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு, காலை ஸ்டூல் மேல் நீட்டி உட்கார்ந்தவர்தான். பந்தைப் பற்றி இனி வீட்டில் யாரும் பேசக் கூடாது என்று உத்தரவு. பார்க்கப் போன எங்களிடம் வானிலையைப் பற்றிப் பேசினார். மழை வருமா வராதா என்று எவ்வளவு நேரம்தான் பேசுவது?

அவருக்கு ஒரு தங்கை. மைதானத்தில் எல்லோருக்கும் அவள் தங்கச்சிதான். அவளைவிட இளையவர்களும் தங்கச்சி என்றுதான் கூப்பிடுகிறார்கள், அவளும் விட்டுவிட்டாள். இந்த விளையாட்டில் எந்தப் புள்ளி எப்போது எங்கே நகர வேண்டும் என்று கம்ப்யூட்டரில் எழுதி, புள்ளிகளுக்கு நடை சொல்லிக்கொடுப்பது அவள் வேலை. பதினொரு பேரில் பத்துப் பேருக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டாள். விங் பேக்குக்கு மட்டும் வரவில்லை.

முதலில் என்ன ஆயிற்று? 'போ' என்றால் போனான். போனவன் போனவன்தான். எதிரி பந்தைப் பறித்து, காலியாகக் கிடக்கும் மூலைக்கு நீளமாக அடித்தால், இவன் அந்தக் கோடியில் நின்று வேடிக்கை பார்த்தான். ஆடிப் பார்த்தவர்கள், இவன் வீட்டைத் திறந்துபோட்டுவிட்டு ஊர் சுற்றப் போய்விடுகிறான் என்று திட்டினார்கள். சரி என்று, பந்து பறிபோகும் முன்னாலேயே 'திரும்பு' என்று எழுதினாள். அவ்வளவுதான், ஆள் பாதி வழியிலேயே நிற்க ஆரம்பித்துவிட்டான். கதவைப் பூட்டினோமா இல்லையா என்று நடுத்தெருவில் நின்று யோசிப்போமே, அப்படி. இரண்டடி முன்னால், இரண்டடி பின்னால். சிரிக்கிறீர்கள். அவள் அழுதாள்.

முதலாளி பொல்லாதவரல்ல. ஆனால் விளையாட்டு வெளியாக வேண்டுமே. வெள்ளிக்கிழமைக்குள் சரியாகாவிட்டால் விங் பேக் என்ற இடத்தையே எடுத்துவிடலாம், பின்னால் நாலு பேர் பேசாமல் நின்றால் போதும் என்று சொல்லிவிட்டார். அவருக்கு அது ஒரு வசதி. தங்கச்சிக்கு அது அப்படியா? அண்ணன் ஆடிய இடம். ஓட்டத்தோடு சேர்த்து அவர் இழந்த இடம். களத்தில்தான் காலியாகிவிட்டது, திரையிலாவது இருக்கட்டுமே என்று அவள் கட்டிக்கொண்டிருந்த இடம். அதையும் தன் கையாலேயே அழிக்க வேண்டும். ஒரு வார்த்தை கேட்டால் சொல்லிக்கொடுக்கக்கூடிய மனிதர் அடுத்த அறையில் இருக்கிறார். அந்த ஒரு வார்த்தையைக் கேட்கத்தான் தடை.

வியாழக்கிழமை காலை. இனி முடியாது என்று முடிவு கட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினாள். ஒரு காலில் செருப்பை மாட்டியாயிற்று, மறு செருப்பைத் தேடிக்கொண்டே உள்ளே பார்த்து, "அம்மா, நான் போறேன்" என்றாள்.

தாய்மார்களே, இந்த இடத்தில் உங்கள் வீட்டில் என்ன நடக்கும்? பார்த்தீர்களா, சொல்லிவிட்டார் அந்த அம்மா. அதேதான் அங்கேயும். அடுப்படியிலிருந்து குரல் வந்தது.

"போறேன்னு சொல்லாதடி, எத்தனை தடவ சொல்றது. போயிட்டு வர்றேன்னு சொல்லு."

தினமும் கேட்கும் திட்டு. பிறந்ததிலிருந்து கேட்ட திட்டு. அன்றைக்கு அவள் ஒற்றைச் செருப்போடு அப்படியே நின்றுவிட்டாள். யாரிடம் சொல்கிறோம் என்று தெரியாமலேயே சொன்னாள்: "போறதும் வர்றதும் ஒண்ணுதான். நான் ரெண்டா எழுதியிருக்கேன்."

ஜன்னல் பக்கம் திரும்பியிருந்த தலை, இந்தப் பக்கம் திரும்பியது.

"என்னத்த ரெண்டா எழுதியிருக்க?"

இப்படித்தான் அந்த வீட்டில் தடை உடைந்தது. உடைத்தது யார்? தடை போட்டவரே. தங்கை கொட்டித் தீர்த்தாள். கரை கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, அம்மாவைக் கூடத்துக்குக் கூப்பிட்டார். நடுவில் நில்லுங்கள், நீங்கள்தான் ஸ்டாப்பர் என்றார். அடுப்பில் பால் இருக்கிறது என்றார் ஸ்டாப்பர். தங்கையை இடது சுவரோரம் நிறுத்தினார். வாசல் கதவுதான் எதிரியின் எல்லை. அவள் கிளம்பப் போனாள். நில் என்று கையைக் காட்டினார். அம்மாவுக்கோ மனமெல்லாம் பாலில். அடுப்படிப் பக்கம் ஓரடி நகர்ந்தார்.

"அம்மா அந்தப் பக்கம் போனா நீ போகக் கூடாது. உன் இடம் காலியாயிடும்" என்றார். பிறகு அம்மாவைத் தங்கையின் பக்கம் ஓரடி வரச் சொன்னார். அம்மா வந்தார். "இப்போ போ. நான் தனியா போனதே இல்ல. நடுவுல நிக்கிறவன் என் பக்கம் ஒரு அடி நகருவான். அதப் பாத்துட்டுத்தான் போவேன். போகும்போதே வர்ற வழியும் காலுக்குத் தெரியும்."

பந்து வராவிட்டாலும் எதற்கு ஓடுவது என்று தங்கை கேட்டாள். எதிராளி ஒருவன் நம் பின்னாலேயே வருவான், அவன் விட்டுவந்த இடத்தில் நம் ஆள் ஒருவன் நிம்மதியாக நிற்பான் என்றார். பால் பொங்கி வழிந்தது. அந்த வீட்டில் அன்று அதை யாரும் பொருட்படுத்தவில்லை. அம்மா மட்டும் பொருட்படுத்தினார், ஸ்டாப்பர் பதவியை ராஜினாமா செய்துவிட்டு ஓடினார்.

வெள்ளிக்கிழமை. தையல்கடை மாடி. விளையாட்டுக்குக் குரல் கொடுக்க நானும் மைக் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். படியில் கைத்தடிச் சத்தம். ஸ்டாப்பர் தம்பி வண்டியில் கூட்டிவந்திருக்கிறான். கரை வந்து ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தார். முதலாளி எழுந்து தன் நாற்காலியைக் கொடுத்தார். ஆட்டம் தொடங்கியது.

என்ன சொல்வேன், எப்படிச் சொல்வேன்! இடது ஓரத்தில் ஒரு புள்ளி. நடுப்புள்ளி ஓரடி அதன் பக்கம் நகர்ந்தது. நகர்ந்த பிறகுதான் இது கிளம்பியது. பந்து வரவில்லை, திரும்பியது. மறுபடி நடுப்புள்ளி நகர்ந்தது, மறுபடி இது போனது, பந்து வரவில்லை, வந்தது. யாரும் கேட்காமல், யாரும் பாராட்டாமல், முகம் சுளிக்காமல் போய்ப் போய் வந்தது. திடீரென்று எதிரி பந்தைப் பறித்தான். பறித்த வேகத்தில் அந்த மூலைக்கு நீளமாக அடித்தான். எந்த மூலைக்கு? இத்தனை நாள் காலியாகக் கிடந்த அதே மூலைக்கு. பந்து போய் விழுந்தது. விழுந்த இடத்தில் அவன் நின்றுகொண்டிருந்தான்.

இருபது ஆண்டு மைக் பிடித்தவன், ஒரு புள்ளி நிற்பதைப் பார்த்துப் பேச்சிழந்தேன். குரல் எங்கே என்று முதலாளி கேட்டார். பிறகு அவரே, இந்த இடத்தில் பேச்சு வேண்டாம், இப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார். நீங்கள் வீட்டுக்குப் போய் இதை ஆடும்போது, விங் பேக் வந்து நிற்கும் இடத்தில் சட்டென்று அறிவிப்பாளர் மௌனமானால் கம்ப்யூட்டரைத் தட்டாதீர்கள். அது பழுதல்ல. அது நான்.

ஆட்டம் முடியப்போகும் நேரம். புள்ளியின் வேகம் குறைந்தது. கரை திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்.

"இவனுக்கு மூச்சு வாங்குதா?"

"வாங்கும்ணா. கால் ஓய்ஞ்சிடும். திரும்பி வர கொஞ்சம் லேட்டாகும்."

"ஆனா வருவான்ல?"

தங்கச்சி திரையைப் பார்க்கவில்லை. அண்ணனைப் பார்த்தாள்.

"வருவான்ணா."

அந்த ஆட்டத்தில் கோலே இல்லை, பெருமக்களே. பூஜ்ஜியத்துக்குப் பூஜ்ஜியம். ஆனால் விங் பேக் இந்த விளையாட்டில் இருக்கிறான். அவனுக்கு நீங்கள் கொடுக்கும் கட்டளைகளைத் திறந்து பாருங்கள். மற்றவர்களுக்கெல்லாம் முன்னேறு, காத்திரு, நெருக்கு என்று இருக்கும். இவனுக்கு மட்டும் 'போயிட்டு வா' என்று இருக்கும். எழுத்துத் தமிழில் மாற்றலாமா என்று நான் கேட்டுப் பார்த்தேன். தங்கச்சி ஒப்புக்கொள்ளவில்லை. அவள் செய்ததுதான் சரி.

இன்னும் ஒன்று பாக்கி. ஸ்டாப்பர் தம்பி, தலையைக் குனியாதே, உன்னைப் பற்றித்தான். அன்று ஆட்டம் முடிந்ததும் கரை கைத்தடியை ஊன்றி எழுந்தார். படிக்கட்டு வரை போனார். திரும்பி எங்கள் எல்லோரையும் பார்த்தார்.

"சரி, போயிட்டு வர்றேன்."

தினம் நாம் நூறு பேரிடம் சொல்கிற சொல். சொல்கிறவருக்கும் கேட்கிறவருக்கும் மனதில் பதியாத சொல். ஆனால் ஸ்ட்ரெச்சரின் பக்கத்தில் ஓடியபடி வேறொரு சொல்லைக் கேட்டவன் இந்தத் தம்பி. அன்று இவன் வண்டிச் சாவியைத் துளையில் நுழைக்க முடியாமல் கீழே வெகுநேரம் தடுமாறினான். கரைதான் சாவியை வாங்கிப் போட்டுக் கொடுத்தார்.

மறுநாள் மாலை அவர் மைதானத்துக்கு வந்தார். ஓட முடியாது. ஓரத்துக் கோட்டில் நின்றார், இடது பக்கத்தில்தான். அவர் இடத்துக்கு வந்த புது விங் பேக் பையன் பந்தில்லாமல் ஓடிப்போய், பந்து கிடைக்காமல் திரும்பி வந்தான். கைத்தடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மைதானத்திலேயே அவர் ஒருவர்தான் கைதட்டினார். நான் மைக்கில் அந்தப் பையன் பெயரைச் சொன்னேன். பந்தைத் தொடாதவன் பெயர் எங்கள் மைதானத்தில் ஒலித்தது அன்றுதான். அடுத்த பருவத்துக்கு அவரே நம் கோச். தலைவர் இதைக் கடைசியில் அறிவிப்பதாக இருந்தார், நான் முந்திக்கொண்டேன். பல்லைப் பிடுங்கிவிடாதீர்கள் தலைவரே.

பொறுமையாகக் கேட்ட பெரியோர்களுக்கும், ஒவ்வொரு காலையும் வாசலில் அந்த ஒரு சொல்லைத் திருத்திக்கொண்டே இருக்கும் தாய்மார்களுக்கும், என்னையே ஊமையாக்கிய தங்கச்சிக்கும் நெஞ்சம் நிறைந்த நன்றி. விடைபெறுகிறேன் என்று சொல்லித்தான் இத்தனை நாள் மேடையிறங்கியிருக்கிறேன். இன்று அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. வணக்கம் பெருமக்களே, போயிட்டு வர்றேன்.