இல்லாத விதவைக்குக் கட்டிய காசு

ஆடி பிறந்த வாரம். நோட்டன் பிரிட்ஜ் பஸ்ஸில் எனக்கு முன்னே ஒரு தபாலதிபரும் ஓர் ஆசிரியையும்.

“என்ர விதவைக்குப் பென்சன் காணாதெண்டு, சம்பளத்தில பிடிச்சதுக்கு மேலாலையும் கட்டிப்போட்டன், டீச்சர். விதவைதான் இன்னும் இல்லை.”

“முதல்ல பெண்சாதியெல்லே வேணும்?”

“அதைத்தான் உங்களிட்டக் கேக்கிறன்.”

ஆசிரியை கைப்பையிலிருந்த சிறு நாட்காட்டியை எடுத்துப் புரட்டினார்.

“கலியாணத்தை ஆவணியில வைப்பம்.”

“ஆடியோட நான் ஓய்வு. பிறகு முடிச்சால் உங்களுக்கு ஒரு சதமும் வராது.”

விதி அதுதான். பென்சன் கந்தோர் எழுத்தரான நானே பலருக்கு எழுதி அனுப்பியிருக்கிறேன்.

“ஆடியில ஆர் தாலி கட்டுவினம்?”

“அப்ப நான் கட்டின காசு?”

ஆசிரியை சிரித்தார். “பதிவுக்கு ஏது ஆடி? இந்த மாதமே எழுதுவம், தாலியை ஆவணியில கட்டுங்கோ. ஆனா ஒண்டு, அந்தப் பென்சனுக்கு எனக்கு அவசரமில்லை.”