கம்பியின் உயரம்

முதல் கிட்டார் வாங்குகிறவர்கள் அதன் அழகைப் பார்த்து வாங்கக் கூடாது. கம்பி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று பார்த்து வாங்க வேண்டும். கடைக்காரர் சொல்லும்வரை எனக்கும் இது தெரியாது. எங்கிருந்து வேண்டுமானாலும் தொடங்கலாம் என்று நீங்கள் சொன்னதால் இங்கிருந்து தொடங்குகிறேன்.

நான் தராசு பழுது பார்ப்பவன். இருபத்தாறு வருடத்தில் ஒரு கடைக்குக்கூடப் பொய் எடை வைத்துக் கொடுத்ததில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

என் தங்கை வேறு ஊரில் விடுதியில் தங்கி, பல் செட் செய்யும் பட்டறையில் வேலை பார்த்தாள். போன வருடம் பேருந்திலிருந்து இறங்கும்போது விழுந்து இடது முழங்கையில் அடி. எலும்பு கூடிவிட்டது. நரம்புதான் அடிபட்டுப்போய், விரல்களில் பிடியே இல்லை. வீட்டுக்கு அழைத்து வந்தேன். எங்களுக்கு அப்பா அம்மா இல்லை. எனக்குக் குடும்பமும் அமையவில்லை. அவள் வேலைக்குப் போனபிறகு ஒன்பது வருடம் அந்த வீட்டில் நான் மட்டும்தான் இருந்தேன். சாயங்காலம் வந்து கதவைத் திறந்தால், காலையில் வைத்துவிட்டுப்போன தம்ளர் வைத்த இடத்திலேயே இருக்கும்.

ஒரு கையால் தலை பின்ன முடியாது. அதனால் தினமும் காலையில் நான் பின்னிவிட்டேன். முதல் வாரம் கோணல்மாணலாக வந்தது. மூன்றாவது வாரத்தில் கை பழகிவிட்டது.

"வகிடு நேரா இருக்கா? இல்ல ரசமட்டம் வெச்சுப் பாக்கணுமா?" என்று கேலி செய்வாள்.

"ஆடாம இரு பாப்பா."

"முப்பத்திமூணு வயசுல பாப்பாவாம். வெளியில சொல்லிடாதே, சிரிப்பாங்க."

அந்தப் பத்து நிமிடத்துக்காக நான் சீக்கிரம் எழுந்திருக்கத் தொடங்கினேன். அதில் தப்பு இருப்பதாக இன்றைக்கும் எனக்குத் தோன்றவில்லை.

பயிற்சி கொடுத்த பிசியோதெரபி அம்மா, இந்த ஒரு வருடம்தான் முக்கியம், விரல்களைச் சும்மா விட்டால் மடங்கி இறுகிப்போகும் என்றார். ரப்பர் பந்தை அமுக்கி அமுக்கித் தங்கைக்கு அலுத்துவிட்டது. ஒரு நாள் திடீரென்று, கிட்டார் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்றாள். பிசியோதெரபி அம்மாவுக்கு ஒரே சந்தோஷம்.

கடையில் நாற்பது கிட்டார்களாவது தொங்கின. தங்கை பளபளவென்று கறுப்பாக இருந்த ஒன்றைக் காட்டினாள். கடைக்காரர் அதைத் தொடக்கூட இல்லை.

"அது பாக்கறதுக்குதான் தங்கச்சி. கையை ஒடிச்சிடும்."

"ஏற்கெனவே ஒடிஞ்ச கைதான். புதுசா என்ன ஒடிக்கப்போகுது?"

அவர் சிரித்துவிட்டார். பிறகு அவள் கையைப் பார்த்தார். "இடது கைதானே முடியல? அப்ப கிட்டாரை மாத்திப் பிடிங்க. நல்ல கையால அமுக்கி, இந்தக் கையால மீட்டலாம்."

"முடியாத கைக்காகத்தாங்க வாங்குறதே" என்றாள்.

அவர் உள்ளேயிருந்து சின்ன உடம்புள்ள, மங்கலான தேன் நிறக் கிட்டார் ஒன்றை எடுத்து வந்தார். அதன் அடிப்பக்கத்தில், கம்பிகள் ஏறி நிற்கும் வெள்ளை எலும்புத் துண்டை உருவி, அடியில் கொஞ்சம் தேய்த்து, திரும்பப் பொருத்தினார். இது ஒரு மயிரிழை உயர்ந்தாலும் விரலுக்குப் பாரம் கூடிவிடும் என்று விளக்கினார். பக்கத்தில் நின்று கவனமாகப் பார்த்தேன். தொழில்காரன் கண் அப்படித்தான்.

அவள் தொலைபேசியில் பாடங்களைப் பார்த்துத் தானாகவே பழகினாள். விரல் நுனிகள் சிவந்து, தோல் உரிந்து, பிறகு காய்த்தன. முதலில் இரண்டு கம்பி, பிறகு மூன்று. ஒற்றை விரலை மட்டமாகப் படுக்கவைத்து ஆறு கம்பிகளையும் ஒன்றாக அமுக்கும் பிடி ஒன்று உண்டு. புதிதாகப் பழகுகிறவர்கள் பெரும்பாலும் மாட்டிக்கொள்ளும் இடம் அதுதானாம். அது சுத்தமாக ஒலிக்கும் அன்றைக்குப் பட்டறைக்குப் போன் செய்யப்போவதாகச் சொன்னாள். முதலாளியம்மா வருடக் கடைசிவரை அவள் இடத்தைக் காலியாக வைத்திருந்தார்.

மூன்றாவது மாதம் ஒரு காலை, சீப்பை எடுத்துக்கொண்டு போனேன். அவள் தலையைத் தானே அள்ளிக் கிளிப் போட்டிருந்தாள்.

"இன்னிக்கு உனக்கு லீவுண்ணா" என்று சிரித்தாள்.

சீப்பை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன்.

அவள் திங்கட்கிழமை மதியங்களில் பயிற்சிக்குப் போவாள். அந்தத் திங்கட்கிழமை கம்பிகளைத் தளர்த்தி, எலும்புத் துண்டை உருவி, அதன் அடியில் ஒரு பித்தளைத் தகட்டை வைத்தேன். தராசின் கால் சமமில்லாவிட்டால் அடியில் கொடுக்கிற தகடு அது, காகிதக் கனம்தான். அளவாக வெட்டி, சத்தம் கெடாதபடி ஓரங்களை அரத்தால் ராவி வைத்தேன். பிறகு தொலைபேசியில் பார்த்துக் கம்பிகளை முறுக்கிச் சுருதி சேர்த்தேன்.

பட்டறையில் சுழலும் அரவைச் சக்கரம் இருக்கிறது, கொதிக்கும் மெழுகு இருக்கிறது. அரைகுறைக் கையோடு அங்கே போய் ஏதாவது ஆகிவிட்டால்? ஒரு மாதம் தள்ளிப்போனால் நல்லதுதானே என்று நினைத்தேன். பாட்டு அவளுக்குப் பிடித்தும் இருந்தது. நான் அதைப் பிடுங்கவில்லையே.

அடுத்த திங்கள் இன்னொன்று. மொத்தம் பதினோரு வாரம்.

ஒரேயடியாகக் கூட்டினால் யாரும் கண்டுபிடித்துவிடுவார்கள். கொஞ்சம் கொஞ்சமாக மாறினால் மனிதர்கள் கருவியைச் சந்தேகப்படுவதில்லை, தங்களைத்தான் சந்தேகப்படுவார்கள். கடைகளில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

அவள் கூடுதல் நேரம் பழகினாள். விரல் நுனியில் ரத்தம் கட்டியது. போன மாதம் வாசித்த பாடமே இந்த மாதம் வரவில்லை. நான் வெந்நீர் வைத்துக் கொடுத்தேன், கையைப் பிடித்துத் தைலம் தேய்த்துவிட்டேன். எங்கள் இருவருக்கும் நடுவே அந்தக் கிட்டார் சுவரில் சாய்ந்து நிற்கும்.

பயிற்சி அறையில் கையால் இறுக்கிப் பிடித்தால் பலத்தைக் காட்டும் கருவி ஒன்று இருந்தது. அதில் நான் கை வைக்கவே இல்லை. அதன் முள் ஆறு கிலோவிலிருந்து ஒன்பதுக்குப் போனது, பிறகு பதினொன்று. பிசியோதெரபி அம்மா கைதட்டினாராம். அன்றைக்கு வீட்டுக்கு வந்து வெகுநேரம் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு கேட்டாள்.

"ஏண்ணா, அந்த மெஷின் தப்பாக் காட்டுமா?"

குழாயில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"நீதானே இதுல கில்லாடி. சொல்லு. அந்தம்மா எனக்கு ஆறுதலுக்குச் சொல்றாங்களா? என் விரல் எனக்குத் தெரியாதா?"

"அளக்கற கருவி எதுவா இருந்தாலும் தப்புக் காட்டலாம் பாப்பா" என்றேன்.

இது பொய் இல்லை. என் தொழிலில் முதல் நாள் கற்றுக்கொடுக்கும் பாடமே இதுதான்.

அவள் தலையை ஆட்டினாள். அந்த வாரமே பட்டறைக்குப் போன் செய்து, வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். பயிற்சிக்குப் போவதை நிறுத்தினாள். கிட்டாருக்கு உறை போட்டுவிட்டாள். பயிற்சிக்குப் போகச் சொல்லி நான் வற்புறுத்தவில்லை. மனசு உடைந்திருப்பவளை எப்படி விரட்டுவது? ஐந்து மாதத்தில் இடது கை விரல்கள் உள்ளங்கையைப் பார்த்து மடங்கி, அப்படியே இறுகிவிட்டன. இனி நிமிர்த்துவது கஷ்டம் என்று பெரிய டாக்டர் சொன்னார். நான் அழுதேன். நிஜமாகத்தான் அழுதேன்.

காலையில் மறுபடியும் தலை பின்னிவிட்டேன்.

போன வாரம் நான் வேலைக்குப் போயிருந்தபோது, யாருக்காவது பயன்படட்டும் என்று கிட்டாரைக் கடையில் திருப்பிக் கொடுக்கப் போயிருக்கிறாள். கடைக்காரர் கம்பியை அமுக்கிப் பார்த்துத் திடுக்கிட்டாராம். "இதை நல்ல கையாலேயே அமுக்க முடியாதே தங்கச்சி, எப்படிம்மா வாசிச்சீங்க?" என்று கேட்டுவிட்டு எலும்புத் துண்டை உருவியிருக்கிறார். தகடுகள் ஒவ்வொன்றாக விழுந்திருக்கின்றன.

ஒவ்வொன்றின் மூலையிலும் அதன் கனத்தை எண்ணாகப் பொறித்திருந்தேன். அளவு பொறிக்காமல் ஒரு தகட்டை வைக்க எனக்குக் கை வராது. என் எழுத்தாணியின் அச்சு அவளுக்குத் தெரியும். சின்ன வயதில் அவள் பென்சில் டப்பாவில் அதே ஆணியால்தான் பெயர் பொறித்துக் கொடுத்தேன்.

நான் வீட்டுக்கு வந்தபோது அவற்றை மேசைமேல் வரிசையாக அடுக்கியிருந்தாள். ஏன் செய்தாய் என்று அவள் கேட்கவில்லை.

"எண்ணிப் பாரு. சரியா இருக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

எண்ணினேன். சரியாகத்தான் இருந்தது.

ஆமாம், பதினொன்றையும் நான்தான் வைத்தேன். வேறு யாருக்கும் இதில் பங்கில்லை. எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள்.

புகார் கொடுக்க வந்தபோது அவள் தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தாள் என்று நீங்கள் சொன்னீர்கள். கோபத்தில் செய்திருப்பாள், பாவம். முடி மாதத்துக்கு அரை அங்குலம் வளரும். பின்னுகிற அளவுக்கு வர ஒன்றரை வருடம் ஆகும். அதற்குள் என்னை விட்டுவிடுவீர்கள், இல்லையா? அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள்?