வாட்ச்சில் இருந்த துடிப்பு

வீரபாண்டி போகும் காலை பஸ். எனக்கு முன் சீட்டில் பனியன் கம்பெனிப் பெண்கள் இரண்டு பேர். இளையவள் சொன்னாள்:

"வாட்ச்சுல இருக்கிற துடிப்பு எம்பட புள்ளையோடது இல்லீங்க்கா. என்னுது."

"என்ன கண்ணு சொல்ற?"

"ஓட்டப்பந்தயப் புள்ளைங்களுக்கு நெஞ்சு எப்படித் துடிக்குதுன்னு காலேஜ் சார் ஒருத்தரு ஆராய்ச்சி பண்றாருங்க. ஒரு வாரம் கழட்டவே கூடாதுன்னு வாட்ச் கட்டிவுட்டாரு. பரீட்சை ஹால்ல வாட்ச் ஆகாதுன்னுட்டாங்க. சும்மா கெடக்க வேண்டாமேன்னு மூணு நாள் பகல்ல நான் கட்டிட்டு வேலைக்கு வந்தனுங்க."

"செரி, அதுக்கென்ன?"

"இப்ப சாரு வாட்ச்சுல பதிவானதப் பாத்துட்டு, புள்ள ஒடம்பு ஓஞ்சு கெடக்குது, ஞாயித்துக்கெழம ஜில்லா செலக்சன்ல ஓட வேண்டாம்னுட்டாருங்க."

"அட, போன் போட்டு உள்ளதச் சொல்லீரு."

"ஆராய்ச்சியக் கெடுத்துட்டேன்னு வைவாருங்க்கா."

"வைதா வாங்கிக்க. ஓடப்போறது அவதான?"

போன் போட்டாள். நடந்ததைச் சொன்னாள். பிறகு வெகுநேரம் "ஆமாங்க சார்" மட்டும்தான்.

"என்னங்கறாரு?"

"அந்த மூணு நாளத் தள்ளிட்டுப் பாத்தா புள்ள நல்லாத்தான் இருக்காளாம். ஓடட்டும்னுட்டாருங்க."

"அப்பறம் ஏன் மூஞ்சி இப்படி?"

"மூணு நாளும் என்ன பயிற்சி எடுத்தீங்கன்னு கேட்டாரு. பண்டல் தூக்கிட்டு மாடிப்படி ஏறி எறங்குனேன்னு சொன்னனுங்க. நீங்க லீவு போடுங்கம்மாங்கறாரு."

"போடுவியா?"

ஸ்டாப் வந்தது. கம்பெனியில் சங்கு ஊதியது. இருவரும் இறங்கி ஓடினார்கள். இளையவள்தான் முதலில் கேட்டுக்குள் போனாள்.