பகாங்காரன் சொன்னது

சனிக்கிழமை சாயங்காலத்தில் மழை பெய்தால் எனக்குப் பிடிக்காது, சார்ஜன். மற்ற நாட்களில் எவ்வளவு வேண்டுமானாலும் பெய்யட்டும். மழை இல்லாவிட்டால் மதகுக்காரனுக்கு வேலையே இல்லை. ஆனால் சனிக்கிழமை சாயங்காலம் நான் ஜெராமில், உதுமான் நானா சாப்பாட்டுக் கடையில் இருக்க வேண்டியவன். மழை பிடித்துக்கொண்டால் பண்டுமேல் போய் நிற்க வேண்டும். அந்த ஒரு விஷயத்தில்தான் எனக்கும் வானத்துக்கும் ஒத்துவராது. மற்றபடி நான் யாரோடும் சண்டைக்குப் போகிறவன் இல்லை. தோட்டத்தில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள், அர்ஜுனன் குரலை உயர்த்திப் பேசி ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

நீங்கள் இந்தப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் புதுசு, ஈப்போ பக்கத்துக்காரர் என்றார்கள். மலைப்பக்கம் வளர்ந்தவருக்கு மதகு தெரியாது, சொல்லிவிடுகிறேன். எங்கள் தோட்டம் கடல்மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே கிடக்கிற நிலம். கடல் உள்ளே வராமல் இருக்க மண்ணைக் கொட்டி உயர்த்திய கரைதான் பண்டு. அதன் அடியில் சிமெண்டுச் சுரங்கம் ஒன்று கடல்பக்கம் போகும். தோட்டத்துப் பக்கம் அதற்கு ஒரு இரும்புக் கதவு. கடல் ஏறும்போது மூடி வைப்பேன். கடல் வற்றும்போது சக்கரத்தைச் சுற்றித் திறந்தால் தோட்டத்து மழைத்தண்ணீர் வெளியே ஓடும். திறப்பதற்கு முன்னால் கம்பத்தில் தொங்குகிற தண்டவாளத் துண்டைத் தட்ட வேண்டும். கடல்பக்கச் சேற்றில் யாராவது மட்டி பொறுக்கிக்கொண்டிருந்தால் ஏறிக்கொள்வார்கள். இவ்வளவுதான் என் வேலை. இதில் ஒருநாளும் நான் பிசகியதில்லை.

சனிக்கிழமைகளில் நான் வேறு ஆள். உதுமான் நானா கடையில் டிவிப் பெட்டிக்கு நேர் கீழே ஒரு நாற்காலி. அது என்னுடையது என்று யாரும் எழுதி வைக்கவில்லை, ஆனால் யாரும் உட்கார மாட்டார்கள். அசாம் ஜாவாவிலிருந்து, சுங்கை செம்பிலாங்கிலிருந்து, சுற்றிலும் உள்ள தோட்டங்களிலிருந்தெல்லாம் பந்துப் பைத்தியங்கள் அங்கே வந்து கூடுவார்கள். பேராக்குக்காரன் ஒருத்தன், பினாங்குக்காரன் ஒருத்தன், மற்றவர்கள் எல்லாம் நம் சிலாங்கூர். சிவப்பும் மஞ்சளும் நம் டீம் சட்டை. கறி என்ன, மீன் என்ன என்று நானா எழுதுகிற கரும்பலகையில் சனிக்கிழமை மட்டும் ஆட்டக் கணக்கு எழுதுவோம். சாக்கட்டி என் கையில் இருக்கும். எந்த ஆட்டத்தில் யார் கோல் போட்டான், யார் கோட்டைவிட்டான், அடுத்த வாரம் என்ன நடக்கும் என்று நான்தான் சொல்வேன். நல்லசாமி என்று என் கூட்டாளி, செம்பனைப் பழம் வெட்டுகிறவன். "அர்ஜுனண்ணன் சொல்லியாச்சு, அப்புறம் என்னா பேச்சு" என்று மேசையைத் தட்டுவான். எனக்குப் பெண்டாட்டி பிள்ளை கிடையாது. அதை நான் ஒரு குறையாக நினைத்ததில்லை, அதற்குக் காரணம் அந்தக் கடைதான்.

அப்போதுதான் சேது வந்தான்.

பகாங் மாநிலத்து ரவூப் ஊர்க்காரன். எங்கள் லயத்துப் புஷ்பவள்ளியைக் கட்டிக்கொண்டு, செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்ட வந்தான். முதல் சனிக்கிழமையே பகாங் சட்டையைப் போட்டுக்கொண்டு கடைக்குள் நுழைந்தான். எல்லாரும் ஓவென்று கத்தினார்கள். பையன் கோபப்படவில்லை. சிரித்துக்கொண்டே ஓர் ஓரமாக உட்கார்ந்து, "ஒரே ஒரு பகாங்காரன் லா, பாத்து அடிங்க" என்றான். நானும் சிரித்தேன். எனக்கு அவன்மேல் ஆரம்பத்தில் ஒன்றும் இல்லை என்பதை எழுதிக்கொள்ளுங்கள்.

அவன் பேசுகிற விதம் வேறு. நான் கோல் போட்டவனைப் பற்றிப் பேசுவேன். அவன் பந்தே காலில் இல்லாதவனைப் பற்றிப் பேசுவான். "அந்த லெப்ட் பேக்கப் பாருங்க, எடத்த விட்டுட்டு மேல போயிட்டான், இப்ப அந்தப் பக்கமா வருவாங்க" என்பான். சொல்லி வாய் மூடுவதற்குள் அந்தப் பக்கமாகவே வருவார்கள். முதலில் தற்செயல் என்றோம். பிறகு நல்லசாமி தன் நாற்காலியைக் கொஞ்சம் அவன் பக்கம் நகர்த்திக்கொண்டான். பிறகு பேராக்குக்காரன். ஒரு சனிக்கிழமை மழையில் பண்டில் மாட்டிக்கொண்டு தாமதமாகப் போனேன். சாக்கட்டி சேது கையில் இருந்தது. என்னைப் பார்த்ததும் உடனே நீட்டினான்.

"இந்தாங்கண்ணே. நீங்க இல்லாததால எழுதினேன்."

"பரவால்ல, நீயே எழுது" என்றேன். பெருந்தன்மைக்காகச் சொன்னது. அவன் எழுதிவிட்டான்.

போன வருடம், எண்பத்து மூன்றில், பகாங்கும் சிலாங்கூரும் மலேசியக் கோப்பை இறுதியாட்டத்துக்கு வந்தன. அன்று கடையில் நிற்க இடமில்லை. நான் முன்கூட்டியே சொல்லிவிட்டேன், பகாங் அழுதுகொண்டு ஊர் திரும்பும் என்று. அவர்கள் கோப்பையோடு திரும்பினார்கள். உங்களுக்கும் தெரியும். சேது குதிக்கவில்லை, கத்தவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு அமைதியாக உட்கார்ந்திருந்தான். நான் சும்மா இருந்திருக்கலாம். ரெப்ரி சரியில்லை, காற்று சரியில்லை, நம் ஆட்கள்தான் உண்மையில் நன்றாக ஆடினார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவன் என் பக்கம் திரும்பினான். ரொம்ப மரியாதையாகத்தான் சொன்னான்.

"அண்ணே, நீங்க ஆட்டத்தப் பாக்கல லா. சட்டையத்தான் பாக்குறீங்க."

கடையே சிரித்தது. தோற்ற சிலாங்கூர்க்காரன்கள்கூடச் சிரித்தான்கள். உதுமான் நானா ரொட்டிக் கல்லுக்குப் பின்னால் தோள் குலுங்கச் சிரித்தார். நல்லசாமி மேசையைத் தட்டினான். என் பேச்சுக்குத் தட்டிய அதே கையால்.

நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு, தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டு, சைக்கிளில் வீட்டுக்குப் போனேன். கோபத்தில் செய்ததாக எழுதாதீர்கள். அதற்குப் பிறகு எத்தனையோ சனிக்கிழமை அந்தக் கடைக்குப் போய், அவன் பக்கத்திலேயே உட்கார்ந்து, அவன் பேச்சைக் கேட்டிருக்கிறேன். கோபக்காரனால் அது முடியாது.

சேதுவுக்கு நண்டு பிடிப்பதில் ஆசை உண்டாயிற்று. மலைக்காட்டு ஊரில் பிறந்தவனுக்குக் கடல் புதுசு. தண்ணீர் எப்போது ஏறும், எப்போது வற்றும் என்று என்னிடம்தான் வந்து கேட்பான். நானும் சரியாகத்தான் சொல்வேன். ஒருநாள் நானே சொன்னேன், சேற்றில் அலையாதே, பெரிய நண்டெல்லாம் மதகுச் சுரங்கத்துக்குள்ளேதான் ஒதுங்கும் என்று. அதுவும் உண்மைதான். நான் அவனிடம் ஒரு பொய்கூடச் சொன்னதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில், முந்தின நாள் மழையில் தோட்டத்து வாய்க்கால் விளிம்புவரை நிறைந்திருந்தது. கடல் நன்றாக வற்றியிருந்தது. வழக்கமாக நான் கதவைத் திறந்திருக்க வேண்டிய நேரம் தாண்டிவிட்டது. திறக்கவில்லை. அவன் வருவான் என்று தெரியும். கோணியும் கம்பிக் கொக்கியுமாக வந்தான்.

"அண்ணே, உள்ள போலாமா?"

"போ. கதவோரமாத்தான் கெடக்கும்."

"இப்ப தொறக்க மாட்டீங்கள்ல?"

"நான் இங்கதான உக்காந்திருக்கேன்."

இதுவும் பொய் இல்லை என்பதைக் கவனியுங்கள். நான் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன்.

குனிந்துகொண்டு, முழங்கால் சேற்றில் காலைப் பிடுங்கிப் பிடுங்கி உள்ளே போனான். கொஞ்ச நேரத்தில் என் காலடியிலிருந்து அவன் குரல் வந்தது. சுரங்கத்துக்குள்ளிருந்து வருவதால் கணீரென்று இருந்தது.

"அண்ணே, எம்மேல கோவமா?"

"எதுக்கு?"

"அன்னைக்குச் சட்டை கிட்டைன்னு சொல்லிட்டேன். வாய் தவறி வந்திருச்சுண்ணே. புஷ்பாகூடத் திட்டுனா, பெரியவங்ககிட்ட அப்படியா பேசுறதுன்னு."

"அதெல்லாம் நான் மறந்தாச்சு."

"அடுத்த வருசம் உங்க டீமுதாண்ணே. பைனலுக்கு மறுபடி ரெண்டு பேருந்தான் வருவாங்க. ஆனா கப்பு சிலாங்கூருக்கு. ஒரு தடவ ஏமாந்தவங்க மறு தடவ விட மாட்டாங்க. பாருங்க, நடக்கும்."

அவன் கேலி செய்திருந்தால் நான் சக்கரத்தைத் தொட்டிருக்க மாட்டேன் என்றுதான் நினைக்கிறேன். கேலியைத் தாங்கிக்கொள்ளலாம், கேலிக்குப் பதில் கேலி இருக்கிறது. இது வேறு. என் டீமின் வெற்றியை எடுத்து எனக்கே பிச்சை போடுகிறான். அவன் சொன்னால் நடக்கும். அடுத்த வருடம் சிலாங்கூர் ஜெயித்தாலும் அது அவன் சொன்னதாகத்தான் இருக்கும். எனக்கு என்ன மிச்சம்? நீங்கள் யோசித்துப் பாருங்கள். நியாயமான ஆள் யாரும் இதை யோசிக்கத்தான் செய்வான்.

எழுந்து போய்ச் சக்கரத்தைப் பிடித்தேன்.

அது ஒரேயடியாகத் திறக்கிற சாமான் இல்லை, சார்ஜன். சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும், தோள் வலிக்கும். தண்ணீர் சீறுகிற சத்தம் கேட்டதும் "அண்ணே" என்றான். பிறகு இன்னொரு முறை, கொஞ்சம் சத்தமாக. நான் ஏதோ தெரியாமல் திறந்துவிட்டேன் என்றுதான் கடைசிவரை நினைத்திருப்பான். அந்த அளவுக்கு என்மேல் அவனுக்கு மரியாதை இருந்தது. நான் முழுதாகச் சுற்றி முடித்தேன். பாதியில் விட்டால் சக்கரத்துப் பல் உடைந்துவிடும், அது தோட்டத்துச் சொத்து.

தண்டவாளத் துண்டைத் தட்டினேனா என்று விசாரணையில் கேட்டார்கள். தட்டினேன் என்றேன். சத்தம் கேட்டது என்று வேலையாட்களை மேய்க்கிற மண்டோரும் சாட்சி சொன்னார். இரண்டு பேர் சொன்னதும் நிஜம். கதவு முழுக்கத் திறந்த பிறகு தட்டினேன். எப்போது தட்டினாய் என்று யாரும் கேட்கவில்லை.

விபத்து என்று முடித்துவிட்டார்கள். புஷ்பவள்ளி இடுப்பில் பிள்ளையோடு என் வீட்டு வாசலுக்கு வந்தாள். முகம் வீங்கியிருந்தது.

"அண்ணே, நீங்க மனசப் போட்டு ஒழப்பிக்காதீங்க. அவரு தலையெழுத்து. நீங்க என்னா பண்ணுவீங்க?"

"சரிம்மா" என்றேன்.

கடையில் எனக்குத்தான் எல்லாரும் ஆறுதல் சொன்னார்கள். நல்லசாமி நாற்காலியை மறுபடி என் பக்கம் நகர்த்திக்கொண்டான். சாக்கட்டி என் கைக்கு வந்தது. ஒரு வருடம் எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. அந்த ஒரு வருடமும் நான் நன்றாகத் தூங்கினேன். கெட்ட கனவு ஒன்றுகூட வந்ததில்லை. உங்களிடம் மன்னிப்புக் கேட்க வந்திருக்கிறேன் என்று நினைத்திருந்தால், அந்த நினைப்பை விட்டுவிடுங்கள்.

இந்த வருடம் மறுபடி அதே இரண்டு டீமும் இறுதியாட்டத்துக்கு வந்தன. சிலாங்கூர் ஜெயித்தது. நான் நாற்காலிமேல் ஏறி நின்றேன். இந்த வயதில். கையில் சாக்கட்டி. ஒரு வருடமாகச் சேர்த்து வைத்திருந்த பேச்சு, நெஞ்சுவரை வந்துவிட்டது. வாயைத் திறக்கிறேன், கடை அமைதியாக இருக்கிறது. எனக்காக என்று நினைத்தேன். ஒருத்தரும் என்னைப் பார்க்கவில்லை. நல்லசாமி அழுதுகொண்டிருந்தான்.

உதுமான் நானா கல்லை விட்டு வந்து, கையைக் கைலியில் துடைத்துக்கொண்டார்.

"நம்ம சேது அன்னைக்கே சொன்னான்ப்பா. போன வருசம் இதே எடத்துல நின்னு சொன்னான், மறுபடி ரெண்டு பேருந்தான் வருவாங்க, கப்பு நமக்குத்தான்னு. அச்சுப் பெசகாம நடந்திருக்கு பாரு."

எனக்கு மட்டும் சொன்னான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சுரங்கத்துக்குள் வருவதற்கு முன்பே கடை முழுக்கச் சொல்லிவிட்டுத்தான் வந்திருக்கிறான். நானா என் கையிலிருந்து சாக்கட்டியை வாங்கினார். பிடுங்கவில்லை, மெதுவாகத்தான் வாங்கினார். கரும்பலகையில் ஆட்டக் கணக்குக்கு மேலே 'சேது சொன்னது' என்று எழுதினார். எல்லாரும் எழுந்து நின்றார்கள். நான் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தேன். ஒரு செத்த பகாங்காரனுக்காக, சிலாங்கூர் ஜெயித்த நாளில், சிலாங்கூர்க்காரன்கள் எழுந்து நிற்கிறான்கள். அடுத்த மாதம் தோட்டங்களுக்கிடையே பந்தாட்டம் வைத்து, அவன் பேரில் கோப்பை கொடுக்கப்போகிறார்களாம். பரிசை எடுத்துக் கொடுக்க என்னைக் கூப்பிட்டார்கள். "நீங்கதான் அவன் கூடக் கடைசியா பேசுனவரு" என்றான் நல்லசாமி.

அதனால்தான் வந்தேன். விபத்தில் செத்தவனுக்கு ஊர் இப்படித்தான் மாலை போடும். விபத்து இல்லை என்று தெரிந்தால் பேச்சு வேறு பக்கம் திரும்பும். இனி உதுமான் நானா கடையில் ஆட்டம் தொடங்குவதற்கு முன்னால் யாரைப் பற்றிப் பேசுவார்கள் என்று நினைக்கிறீர்கள்?

பொறாமை என்று எங்காவது எழுதியிருந்தால் அடித்துவிடுங்கள், சார்ஜன். ஒரு லோரிக்காரன்மேல் எனக்கு என்ன பொறாமை? நான் அர்ஜுனன், ஜெராம் மதகுக்காரன், சேதுவைத் தெரிந்தே தண்ணீரில் கொன்றேன். இதை எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் சிலாங்கூர்தான் ஜெயிக்கும் என்று அவனுக்கு ரொம்ப முன்னாலிருந்தே, ஒவ்வொரு வருடமும் விடாமல் சொல்லிவந்தவன் நான்தான். அதை மட்டும் கொஞ்சம் பெரிய எழுத்தில் எழுதுங்கள்.